பெண்ணுக்கு வீடு எங்கே இருக்கிறது?

2024 ஜூன் 9, காலை

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வெளிநாடுகளில் இளைஞர்கள் வீடு வாங்க வசதியில்லாமல் கலியாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று வாசித்தேன். கொழும்பிலும் அதே கதைதானே? இன்றைய விலைக்கு ஒரு சாதாரணப் பையன் எப்படி வீடு வாங்குவான், எப்படிக் குடும்பம் நடத்துவான்? பையன்கள் பாவம்.”

கடைசி இரண்டு சொல்லுக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

எனக்கு 35 வயது. வெள்ளவத்தையில் அம்மாவுடன் ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கோட்டையில் கணக்கு வேலை. இதுவரை எனக்கு நடந்த கலியாணப் பேச்சுக்கால் பதினொன்று. பதினொன்றிலும் சாதகக் குறிப்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே தரகர் கேட்டது இதைத்தான்: “பெண்ணுக்கு வீடு எங்கே இருக்கிறது?” இருக்கிறதா என்றுகூட இல்லை. இருக்கும் என்பது முடிந்த முடிவு. எந்த ஒழுங்கை, கடற்கரைப் பக்கமா காலி வீதிக்கு மேல் பக்கமா, எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா என்பதுதான் பேச்சு. பையனிடம் எவரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவனிடம் கேட்பது எந்த நாடு, விசா என்ன நிலை என்று மட்டும்.

நீங்கள் வாசித்த கட்டுரையில் மாப்பிள்ளைதான் வீடு தேடி அலைகிறான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய எங்களைப் போன்றவர்கள் வீட்டில், அலைபவர் பெண்ணின் தகப்பன். முப்பது வயது இளைஞனால் வீடு வாங்க முடியாமல் போனால் கலியாணம் நிற்காது. அறுபத்திரண்டு வயது ஓய்வூதியக்காரரால் முடியாமல் போனால் நின்றுவிடும். இரண்டும் ஒரே கதை இல்லை.

2024 ஜூன் 9, இரவு

பதினொன்று இல்லை, பன்னிரண்டு என்று அம்மா திருத்துகிறார். பன்னிரண்டாவது தொலைபேசியிலேயே முடிந்துபோனதால் என் கணக்கில் வரவில்லை.

2024 ஜூன் 11

விலை எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் கட்டடத்தில் 850 சதுர அடி, இரண்டு அறை. போன மாதம் மூன்றாம் மாடியில் ஒன்று விலை பேசப்பட்டது: 3 கோடி 40 இலட்சம். சதுர அடி நாற்பதாயிரம். புதுக் கட்டடமும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஆயுள் முடியப் போகிறது.

இதை யோசித்துக்கொண்டே 155ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபோது ஒன்று தோன்றியது. தாத்தா காணியைப் பரப்புக் கணக்கில் பேசினார். அப்பா கொழும்புக்கு வந்து பேர்ச் கணக்குப் பழகினார். நான் சதுர அடியில் பேசுகிறேன். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அப்படியானால் 850 சதுர அடி மூன்று பேர்ச்சுக்குச் சற்று மேல், பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. அதுவும் ஆகாயத்தில். தாத்தா அந்த அளவு நிலத்தில் மாட்டுக்கொட்டில் வைத்திருந்தார். மாட்டுக்குக் காற்றோட்டம் நன்றாக இருந்தது என்று அம்மா சேர்க்கிறார்.

2024 ஜூன் 16

“அந்தக் காலத்தில் எல்லோரும் இருபது வயதில் கலியாணம் கட்டினார்கள், உங்கள் தலைமுறைதான் கெட்டுப்போனது” என்று ஒருவர். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். குடிசன மதிப்பீட்டு எண்களைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விட்டது. 1971இல் இலங்கை ஆண்களின் சராசரித் திருமண வயது 28. பெண்களுக்கு 23.5. 1981இல் பெண்களுக்கு 24.4 ஆக ஏறியது. 2012இல் 23.4 ஆக இறங்கியிருக்கிறது. அதாவது எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் தலைமுறைதான் இந்த நாட்டில் தாமதமாகக் கலியாணம் கட்டிய தலைமுறை. எழுபதுகளில் படித்த பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவில்லை. வேலை கிடைக்கும்வரை பையன் காத்திருந்தான், பெண்ணும் காத்திருந்தாள்.

இது முழு நாட்டுக்குமான எண். தமிழர்களை மட்டும் பிரித்தால் வேறாக இருக்கலாம். ஆனாலும் சித்தப்பா 33 வயதில்தான் கட்டினார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வீட்டுக் கூட்டங்களில் பொறுப்பைப் பற்றி அதிகம் பேசுகிறவர் அவர்.

2024 ஜூன் 23

சரி, குறைகிறதா இல்லையா? குறைகிறது. பதிவான திருமணங்கள் 2022இல் 1 இலட்சத்து 71 ஆயிரம், 2023இல் 1 இலட்சத்து 51 ஆயிரம். பிறப்புகள் 2019இல் 3 இலட்சத்து 19 ஆயிரம், 2023இல் 2 இலட்சத்து 48 ஆயிரம். ஒரு வருடத்தில் இருபதாயிரம் கலியாணம் குறைந்தது என்று பத்திரிகைகள் பதறின. நான் அவ்வளவு பதறமாட்டேன். கொரோனாவில் மண்டபம் பூட்டிக் கிடந்ததால் தள்ளிப்போன கலியாணங்கள் 2022இல் சேர்ந்து நடந்தன. அந்த வருடத்தோடு ஒப்பிட்டால் எதுவும் வீழ்ச்சியாகத்தான் தெரியும். இன்னொன்று: 2022இல் மட்டும் வேலைக்கென்று பதிந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் கலியாண வயதுக்காரர்கள். அவர்கள் கலியாணத்தை வெறுத்துவிட்டுப் போகவில்லை, கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றுவிட்டுப் போனார்கள்.

2024 ஜூன் 24

அங்கே விசா விதி மாறியது தெரியுமா என்று கேட்ட லண்டன் வாசகருக்கு: ஆம், தெரியும். இவ்வருடம் ஏப்ரல் 11 முதல், வாழ்க்கைத்துணையை அங்கே அழைக்க 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும், முன்பு 18,600. என் தோழி ஒருத்திக்கு எழுத்து, அதாவது திருமணப் பதிவு, முடிந்து பதினாறு மாதம் ஆகிறது. சட்டப்படி மனைவி, ஊர்க் கணக்கில் இன்னும் குமர். உங்கள் கணக்கில் அவளை எந்தப் பக்கம் போடுவீர்கள்?

2024 ஜூலை 2

“வீட்டை நீங்களே வாங்கினால் என்ன, சம்பாதிக்கிறீர்கள்தானே?” என்ற கேள்விக்கு வருகிறேன். வாங்கலாம். ஆனால் தேசவழமை என்று ஒன்று இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுதி வைத்தது. அதன்மேல் 1911இல் வந்த கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடக்கிறது. அதன்படி கலியாணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, வந்தாலும், சீதனமாக வந்தாலும், நான் பஸ்ஸில் தொங்கிப் போய் வேலை செய்து வாங்கினாலும் அதேதான். கணவன் தன் சொத்தை விற்க என் சம்மதம் தேவையில்லை. தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் இந்த நிலைதான்.

இருபது வருடம் தவணை கட்டி நான் வாங்கப் போகும் வீட்டுக்கு, முந்தாநாள் அறிமுகமானவர் கையெழுத்துப் போட வேண்டும்.

2024 ஜூலை 5

திருத்தம். “தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும்” என்று எழுதியது பிழை. மட்டக்களப்பு வாசகர் சரியாகப் பிடித்துக்கொண்டார். தேசவழமை வடமாகாணத்தில் நிரந்தர வதிவுள்ள தமிழருக்கு உரியது. கிழக்குத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் பொதுச் சட்டம். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த வடபகுதிப் பிள்ளைக்கு எது என்பதை நீதிமன்றம் ஆளுக்கு ஆள் பார்த்து முடிவுசெய்யும். என் நொத்தாரிசு சொன்னது: “பிள்ளை, சந்தேகமாக இருந்தால் கணவனிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவோம்.” ஒல்லாந்தரைவிடக் கெட்டிக்காரர்.

மட்டக்களப்பு வாசகர் சொன்ன இன்னொன்றை அப்படியே விட மனமில்லை. அவர்கள் பக்கத்தில், முஸ்லிம் குடும்பங்களிலும் சேர்த்து, வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றைக் “குடும்பத் தலைவர்” என்று கணவன் பெயரில் எழுதிவிட்டார்கள். அலை அள்ளிப்போனது அம்மாவின் வீடு, திரும்பி வந்தது அப்பாவின் வீடு என்று எழுதியிருந்தார்.

2024 ஜூலை 25

நேற்று மத்திய வங்கி கொள்கை வட்டியை மறுபடி குறைத்தது: வைப்புக்கு 8.25, கடனுக்கு 9.25. காலையிலேயே அலுவலகத்தில் ஒருவர் “இனி நீங்களும் ஒரு பிளாட் பார்க்கலாம்” என்றார்.

மச்சான் ஒருவர் 2021இல் தெஹிவளையில் ஒரு கோடி கடன் எடுத்தார். இருபது வருடம், சுமார் 9 வீதம், மாதம் தொண்ணூறாயிரம். மாறும் வட்டி என்று கடன் உறுதிப் பத்திரத்தின் எட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. எட்டாம் பக்கத்தை யார் வாசிக்கிறார்கள்? 2022 ஏப்ரல் 8ஆம் திகதி ஒரே நாளில் கொள்கை வட்டி ஏழு வீதப் புள்ளி உயர்ந்தது. அடுத்த வாரம் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. வருட முடிவில் அவருடைய வட்டி 24இல் நின்றது. தவணை இரண்டு இலட்சம். டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போய்விட்டது, சம்பளம் அதே சம்பளம், 2023 தொடக்கத்தில் வருமான வரி உச்சப் படி 36 வீதம். நாடு கடனை நிறுத்தலாம், மச்சானால் நிறுத்த முடியாது. அவருடைய அக்காமார் இருவரின் நகை போனது. இப்போது வட்டி இறங்கியதும் வங்கிக்குப் போய்க் கேட்டார். ஏற்றும்போது கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. இறக்குவதற்கு விண்ணப்பம் எழுத வேண்டுமாம்.

இன்றைக்கு 13 வீதத்துக்கு இரண்டு கோடி எடுத்தால் எனக்கு மாதம் 2 இலட்சத்து 34 ஆயிரம். என் சம்பளம் அதைவிடக் குறைவு. கணக்கு முடிந்தது.

2024 ஜூலை 25, இரவு

கணக்கு முடியவில்லை. ஊழியர் சேமலாப நிதியை மறந்துவிட்டேன். பத்து வருடம் கட்டியவர்கள் வீட்டுக்காக 30 வீதம் முன்கூட்டியே எடுக்கலாம். என்னிடம் 38 இலட்சம் இருக்கிறது. 11 இலட்சத்து 40 ஆயிரம் வரும். சதுர அடி நாற்பதாயிரப்படி இருபத்தெட்டரைச் சதுர அடி. குளியலறையில் ஒரு வாளி வைத்து நின்று குளிக்கப் போதும்.

2024 ஆகஸ்ட் 18

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரிக்கு ஊர் ஹற்றன். வாரநாட்களில் கொட்டாஞ்சேனையில் நாலு பேருடன் ஓர் அறையில் இருக்கிறாள். இந்தக் குறிப்புகளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டுப் பார்சலை மடித்துவிட்டுச் சொன்னாள்: “வீடு இல்லாமல் கலியாணம் நடக்காது என்றால் எங்கள் ஊரில் இருநூறு வருடமாக ஒருவருக்கும் கலியாணம் நடந்திருக்காது.”

லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தோட்டத்துக்குச் சொந்தம். அவளுடைய பாட்டி, அம்மா, அண்ணிமார் எல்லோரும் தங்களுக்குச் சொந்தமில்லாத பத்துக்குப் பன்னிரண்டு அறையில்தான் குடித்தனம் நடத்தினார்கள். எந்தத் தரகரும் வீடு எங்கே என்று கேட்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மாதமாக “எங்கள்”, “எங்களைப் போன்றவர்கள்” என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த எங்களுக்குள் எத்தனை பேர் என்று எண்ணியே பார்க்கவில்லை. அவளுக்கு வருகிற கார்த்திகையில் கலியாணம். பையன் வத்தளையில் வேலை. வாடகைக்கு இரண்டு அறை பார்த்துவிட்டார்கள், ஆறு மாத முற்பணம் இருவரும் பாதிப் பாதி. வீட்டைப் பற்றி நான் எழுதிய ஒன்றும் அவளுக்குப் பொருந்தவில்லை, முற்பணத்தைத் தவிர.

2024 செப்டம்பர் 29

முதல் குறிப்பில் வாடகை வீடு என்று எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நாங்கள் இருப்பது அக்காவின் சீதன வீடு.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டோம், எனக்கு அப்போது ஒரு வயது. 95 ஒக்டோபரில் மறுபடி வெளிக்கிட்டோம். 96இல் கொழும்பு. முதலில் கொட்டாஞ்சேனையில் லொட்ஜ்: ஓர் அறை, பொலிஸ் பதிவு, பிறகு வெள்ளவத்தையில் வாடகை, மறுபடி பொலிஸ் பதிவு. 2007 ஜூன் 7 விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்குமாக அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடுத்தது, ஆனால் அந்த இரவு அப்பா உறங்கவில்லை. நாங்கள் லொட்ஜில் இல்லை, இருந்தும் எல்லா அடையாள அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சொந்த வீட்டு உறுதி ஒன்று இருந்தால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டான்” என்றார். மறுவருடம் ஓய்வூதியப் பணமும் அத்தை அனுப்பிய காசுமாக இந்த பிளாட்டை வாங்கினார். 62 இலட்சம். உறுதியைப் பூசை அறையில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

மூன்று வருடம்தான் அது அங்கே இருந்தது. 2011இல் அக்காவுக்குக் கனடா மாப்பிள்ளை. யாரும் எங்களை வெளியேற்றாமல் இருக்க வாங்கிய வீட்டை, கனடாவில் குடியிருக்கப் போகிறவருக்கு எழுதிக் கொடுத்தோம். அதன்மேல் மாப்பிள்ளை வீட்டுக்குப் பத்து இலட்சம் டொனேஷன். அதில் அத்தானின் தங்கை கரையேறினார். நாங்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறோம். மரியாதைக்காக மாதம் ஒரு தொகை அக்காவின் கணக்கில் போடுகிறேன், அதைத்தான் வாடகை என்றேன்.

எனக்கு மீதமிருப்பது ஊரில் நாலு பரப்பு. அது இன்னும் இராணுவத்தின் கம்பிவேலிக்குள் இருக்கிறது. ஏழாவது தரகர் “பெண்ணுக்கு வீடு எங்கே இருக்கிறது?” என்றபோது “உயர் பாதுகாப்பு வலயத்தில்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்பா சிரித்தார். அந்த வருடம்தான் அவர் இறந்தார்.

2024 ஒக்டோபர் 13

அத்தான் விற்கச் சொல்கிறார். ரொறன்ரோவில் அவர்களுடைய வீட்டுக் கடனுக்கும் வட்டி ஏறிவிட்டது. எனக்கென்றால் 3 கோடி 20 இலட்சத்துக்குத் தருவாராம். இருபது இலட்சம் தள்ளுபடி, மைத்துனி விலை.

வெளியில் விற்க வாங்குபவர் தயாராக இருக்கிறாராம், பிரித்தானியக் குடியுரிமை எடுத்த ஒருவர். ஆனால் நம் பிளாட் இரண்டாம் மாடி. 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நாலாம் மாடியும் அதற்கு மேலும்தான் என்று வைத்தது. அம்மாவிடம் சொன்னேன்: “வெளிநாட்டுக்காரருக்கு நாலாம் மாடிதான் கிடைக்கும்.” அம்மா திடுக்கிட்டுப் போனார். கொழும்புத் தமிழருக்கு நாலாம் மாடி என்றால் விசாரணைக்குக் கொண்டுபோகும் இடம். வீட்டு விளம்பரம் நினைவுக்கு வராது.

2024 ஒக்டோபர் 20

ஜூலையில் திட்டித் தீர்த்த சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காவின் வீட்டை அத்தானின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. ஆனால் உறுதி அக்காவின் பெயரில். அத்தான் எத்தனை முறை தலையாட்டினாலும் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவர் இன்னும் போடவில்லை. வட்ஸ்அப்பில் கேட்டால் “குளிர் தொடங்கிவிட்டது” என்கிறார். நான் சட்டத்தை மன்னித்துவிடவில்லை. அக்காவைக் கொஞ்சம் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

2024 நவம்பர் 10

குடிசனக் கணக்கெடுப்புக்கு ஒரு தம்பி வந்தார். முப்பது வயதிருக்கும், வியர்த்து வழிந்துகொண்டு, லிப்ட் பழுது. அம்மா தேநீர் போட்டார்.

“குடும்பத் தலைவர் யார் அம்மா?” அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். கடைசியில் அம்மாவின் பெயரைச் சொன்னோம்.

“வீடு சொந்தமா, வாடகையா?”

“மகளின் வீடு” என்றார் அம்மா. தம்பி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரையில் எதையோ தட்டினார். நான் திருத்தவில்லை. ஐந்து மாதமாக எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருக்கிறேன், ஒன்று போனால் போகட்டும்.

திருமண நிலையைக் கேட்டதும் அம்மா வாய் திறக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். அவர் எழுதி முடித்துத் தேநீரை எடுத்தபோது அம்மா சும்மா இருக்கவில்லை. “தம்பி, நீங்கள் கலியாணம் கட்டிவிட்டீர்களா?”

“இல்லை அம்மா” என்றார். கோப்பையை வைத்துவிட்டு, “தங்கைமார் இரண்டு பேர் இருக்கிறார்கள்.”